ஆறு நாற்பதுக்கு வரும் பறவை

செப்டம்பர் 21, சனி

இன்று டாக்டர் மிருதுளா எங்கள் எட்டுப் பேருக்கும் ஆளுக்கொரு நோட்டு கொடுத்தார். அட்டையில் தாமரைப் படம். "மனசுல என்ன வருதோ அப்படியே எழுதுங்க. சனிக்கிழமை சனிக்கிழமை நான் படிப்பேன்" என்றார். படிக்கப்போகிறார் என்று தெரிந்த பிறகு மனதில் வருவதை எவள் அப்படியே எழுதுவாள்? ஆகவே தாமரை நோட்டு டாக்டருக்கு. இந்தப் பழைய மதிப்பெண் பதிவேட்டின் மிச்சப் பக்கங்கள் எனக்கு.

நான் இங்கே வந்து சேர்ந்த கதையை முதலில் எழுதிவிடுகிறேன். இந்த மாத முதல் வாரம் ஆசிரியர் அறையில் ஒரு நாற்காலியை நகர்த்தினேன். அதே நொடியில் புதிய உயிரியல் டீச்சர் ரிஸ்வானா அதில் உட்கார வந்தது என் குற்றமல்ல. அவள் தரையில் உட்கார்ந்தாள். இடது மணிக்கட்டில் சுளுக்கு, கட்டு. ஆறு டீச்சர்கள் பார்த்திருக்கிறார்கள். நான் நாற்காலியின் முதுகை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன் என்று ஆறு பேரும் ஒரே மாதிரி சொல்லியிருக்கிறார்கள். பரீட்சையில் இப்படி ஒரே விடை வந்தால் நான் காப்பி என்று பிடிப்பேன்.

தலைமையாசிரியை சிஸ்டர் பெர்னதெத் என்னைக் கூப்பிட்டார்.

"டீச்சர், மெமோ வேணுமா, குளம் வேணுமா?"

குளம் என்றால் ஊருக்கு வெளியே இருக்கும் சின்னவேடன் குளம். அங்கே ஆறு வாரத்துக்கு மனநலப் பயிற்சி. நடத்துபவர் டாக்டர் மிருதுளா. ஊசி போடாத டாக்டர். வயது முப்பது இருக்கும். பேசினால் பஞ்சு உதிர்வது போல இருக்கும். தினமும் காலையில் கரையில் ஒரே இடத்தில் இருபது நிமிடம் சும்மா உட்கார வேண்டும். செல்போன் கூடாது. மூச்சைக் கவனிக்க வேண்டும், சுற்றிலும் பார்க்க வேண்டும். ஆறாவது வாரம் அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் மெமோ இல்லை.

இருபத்து நான்கு வருட சர்வீஸில் எனக்கு மெமோ வந்ததில்லை. குளம் என்றேன்.

அந்த நாற்காலி ஜெசிந்தாவுடையது. இருபத்திரண்டு வருடம் எனக்குப் பக்கத்து நாற்காலி. ஜூலை 14, ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் புறப்படும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாளாம். வீட்டில் யாராவது போனால் விடுப்பு எடுக்கலாம். பக்கத்து நாற்காலி போனால் எந்தக் காரணம் எழுதி விடுப்புக் கேட்பது? அடக்கம் முடிந்த மறுநாள் பத்தாம் வகுப்புக்கு இருபடிச் சமன்பாடு நடத்தினேன். நன்றாகவே நடத்தினேன்.

அவ்வளவுதான் விஷயம். இதற்கும் குளத்துக்கும் என்ன சம்பந்தம் என்று சிஸ்டருக்குத்தான் தெரியும்.


செப்டம்பர் 22, ஞாயிறு

டாக்டர் சொல்லிக்கொடுத்த முறை: பார்ப்பது ஐந்து, கேட்பது நான்கு, தொடுவது மூன்று, முகர்வது இரண்டு, ருசிப்பது ஒன்று. மொத்தம் பதினைந்து. இறங்குவரிசைக் கூட்டுத்தொடர், பொது வித்தியாசம் மைனஸ் ஒன்று.

பார்த்தது: தண்ணீர், தண்ணீர், கரை, பிளாஸ்டிக் பை, தண்ணீர். கேட்டது: லாரி, லாரி, நாய், பக்கத்து மரத்தடியில் ஒருவர் கொட்டாவி. தொட்டது: கல், கல், எறும்பு. எறும்பும் என்னைத் தொட்டது. முகர்ந்ததை எழுத வேண்டாம். ருசிக்க ஒன்றும் இல்லாததால் வரும் வழியில் காப்பி குடித்தேன்.

"எப்பிடி இருந்துச்சு?" என்று வீட்டுக்காரர் கேட்டார்.

"உக்காந்தேன். எந்திரிச்சேன்."

மேற்கொண்டு கேட்கவில்லை. ஜூலைக்குப் பிறகு அவர் கேள்விகளைச் சுருக்கிக்கொண்டுவிட்டார்.


செப்டம்பர் 23, திங்கள்

எறும்பு ஏழு. அமைதி பூஜ்யம்.


செப்டம்பர் 26, வியாழன்

நேற்றும் இன்றும் குளத்துக்குப் போகவில்லை. காலாண்டு விடைத்தாள்கள் நாற்பத்திரண்டு பாக்கி. ஆனால் தாமரை நோட்டு காலியாக இருக்கக்கூடாதே. விடைத்தாள் திருத்திக்கொண்டே எழுதினேன்:

"இளங்காற்று என் கன்னத்தை வருடியது. நான் யார் என்று குளத்தைக் கேட்டேன். குளம் புன்னகைத்தது."

பத்தாம் வகுப்பில் எந்தக் குழந்தையாவது இப்படி எழுதிக் கொடுத்தால் வெளியே நிறுத்தியிருப்பேன். ஜெசி படித்திருந்தால் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்திருப்பாள். அவளைப் பற்றி நினைக்கவில்லை. சும்மா எழுதினேன்.


செப்டம்பர் 28, சனி

புன்னகைத்த குளம் பெரிய வெற்றி. டாக்டர் எங்களை வட்டமாக உட்காரவைத்து அதை உரக்கப் படித்தார். இரண்டு பேர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்கள். "சாந்தாமணி மேடம் எவ்வளவு வேகமா திறந்துக்கறாங்க பாருங்க" என்றார் டாக்டர். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

முடிந்ததும் குழந்தைவேலு அண்ணன் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். பக்கத்து மரத்தடியில் கொட்டாவி விட்டவர் இவர்தான். முப்பத்து மூன்று வருடம் பஸ் கண்டக்டர். ரிட்டையர் ஆன மறுநாளிலிருந்து நெஞ்சு படபடப்பு. வீட்டில் நடையில் யார் நின்றாலும் "உள்ள போங்க, உள்ள போங்க" என்கிறாராம். சம்சாரம் பொறுக்க முடியாமல் இங்கே அனுப்பிவிட்டது.

"டீச்சருங்க, ஒரு ஒத்தாசைங்க. நம்மளுக்கு இந்த எழுத்து வேலை வர மாட்டேங்குதுங்க. உங்குளுது மாதர நாலு வரி போட்டுக் குடுத்தீங்கன்னா…"

"இது காப்பி அடிக்கறதுங்க அண்ணா."

"ஆமாங்க" என்றார், கொஞ்சமும் கூசாமல்.

இருபத்து நான்கு வருடமாகக் காப்பி பிடித்த கை. சரி என்று சொல்லும்போது உள்ளே ஏதோ ஜிலுஜிலுவென்றிருந்தது. ரொம்ப நாளாயிற்று அப்படி இருந்து.


அக்டோபர் 1, செவ்வாய்

குழந்தைவேலு அண்ணனுக்கு எழுதியது: "மேகங்கள் முன்னால் நகர்ந்துகொண்டே இருந்தன. யாரும் சொல்லாமலேயே." படித்துவிட்டு அவரே கண் கலங்கிவிட்டார். "எனக்குள்ள இப்பிடியெல்லாம் இருக்குதுங்களா?" என்றார்.

என் நோட்டுக்கு இந்த வாரம் குளமும் காற்றும் போதாது. ஒரு பறவை வேண்டும். எனக்குப் பறவைகள் தெரியாது. ஜெசிதான் உயிரியல்; ஜன்னலில் எது வந்து உட்கார்ந்தாலும் பேர் சொல்வாள், நான் காதில் வாங்கியதில்லை. ஆகவே சொந்தமாக ஒன்றைச் செய்தேன்:

"பச்சை வாலும் வெள்ளைக் கொண்டையும் உள்ள ஒரு பறவை. தினமும் சரியாக ஆறு நாற்பதுக்கு வந்து எதிர்க் கல்லில் அமர்கிறது. என் துயரம் அதற்குத் தெரியும். ஆறு நாற்பத்தாறுக்குப் போய்விடுகிறது."

ஆறு நிமிடம் என்பது நன்றாக அமைந்துவிட்டது. எண் இருந்தால் எதையும் நம்புவார்கள்.


அக்டோபர் 5, சனி

இன்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

டாக்டர் பறவையைப் படித்தார். பாதியில் நிறுத்திக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு குழந்தைவேலு அண்ணனைப் பார்த்து, "ஐயா, நீங்க பக்கத்து மரந்தானே? நீங்களும் பாத்தீங்களா?" என்றார்.

"பாத்தனுங்க" என்றார் அண்ணன். "ரெண்டு தடவ."

நான் முறைத்தேன். அவருக்கு வேகம் வந்துவிட்டது.

"ஒரு தடவ குஞ்சோடங்க."

அப்போது வட்டத்தின் பின்னாலிருந்து யாரோ இருமினார்கள். தண்ணீர் புரையேறியது போன்ற இருமல். திரும்பினால் ரிஸ்வானா. கட்டு இல்லாத கையால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள். "இவங்க இன்னைக்கிலிருந்து நம்ம கூட" என்று டாக்டர் அறிமுகம் செய்துவைத்தார். யாரும் அனுப்பவில்லையாம். அவளாகக் கேட்டு வந்திருக்கிறாள்.

இருபத்தாறு வயது. உயிரியலில் முதுகலை. 


அக்டோபர் 6, ஞாயிறு

ஆறரைக்கு என் கல்லுக்குப் போனால் ரிஸ்வானா அங்கே எனக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். கழுத்தில் பைனாகுலர்.

"ஆறு நாப்பதாகப் போகுது டீச்சர். வரும்ல?"

 ஆறு நாற்பது வந்தது. ஆறு நாற்பத்தாறும் போனது.

"டீச்சர், பச்ச வாலு, வெள்ளக் கொண்டையோட ஒரு பறவ இந்தக் குளத்துல இல்ல. எந்தக் குளத்துலயும் இல்ல."

"சிஸ்டர்கிட்ட சொல்லிருங்க."

"எதுக்குங்க டீச்சர்? எனக்கு அந்தப் பறவைய ரொம்பப் புடிச்சிருக்கு" என்றாள். கிண்டலா நிஜமா என்று முகத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை. பிறகு சொன்னாள்: "டாக்டர் அடுத்த வாரம் போட்டோ எடுக்க கேமரா கொண்டு வரேன்னு சொல்லியிருக்காங்க. உங்குளுக்குத் தெரியுமா?"

தெரியாது.

"ஒரு வாரம் இருக்குது. கிட்டத்தட்ட ஒத்துப்போற மாதிரி ஏதாச்சும் கெடைக்குமான்னு தேடிப் பாக்கலாம். நான் கூட இருக்கறேன்."

நாற்காலியைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. எழுந்து போகும்போது அவள் இடது கையை ஊன்றாமல் வலது கையை ஊன்றி எழுந்ததைப் பார்த்தேன்.

தேவையில்லாமல் பார்த்தேன்.


அக்டோபர் 8, செவ்வாய்

தேடும் படலம். நான், ரிஸ்வானா, குழந்தைவேலு அண்ணன். அண்ணனுக்குத்தான் பொறுப்பு அதிகம். குஞ்சு வேறு காட்ட வேண்டும்.

வெள்ளைக் கொண்டைக்குக் கிட்டத்தில் வந்தது ஒன்று: கறுப்பு உடம்பு, நெற்றியில் பளிச்சென்று வெள்ளை. "நாமக்கோழி" என்றாள் ரிஸ்வானா. நிஜமாகவே நாமம் போட்டதுபோலத்தான் இருக்கிறது. எங்கள் பள்ளிக்கு ஆய்வுக்கு வந்த ஒரு கல்வி அதிகாரியின் நடையும் அதற்கு இருக்கிறது. பச்சை வால் மட்டும் இல்லை.

"வால்ல பாசி ஒட்டிருக்கும்னு சொல்லிக்கலாமுங்க" என்றார் அண்ணன்.

இருபது நிமிடம் என்று போனோம். ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. முதல் பாடவேளைக்குப் புடவை ஓரத்தில் சேற்றோடு போனேன். முதல் பெஞ்சில் சிரித்தார்கள். நான் திட்டவில்லை என்பதை அவர்கள் கவனித்தார்கள். நானும்தான்.


அக்டோபர் 10, வியாழன்

முக்குளிப்பான் என்று ஒன்று. கோழிக்குஞ்சு அளவுதான். தண்ணீரில் சும்மா போய்க்கொண்டிருக்கும், திடீரென்று காணாமல் போகும், சம்பந்தமில்லாத வேறிடத்தில் தலை தூக்கும். எங்கே எழும் என்று அண்ணனும் நானும் பந்தயம் கட்டினோம். பதினொரு முழுக்கு. அவர் நான்கு சரி, நான் ஐந்து. சராசரியாகப் பதினாறு விநாடி உள்ளே இருக்கிறது.

"தண்ணிக்குள்ள அதுக்கு ஸ்டாப்பிங் இருக்கும் போலங்க" என்றார் அண்ணன்.

நெஞ்சு படபடப்பைப் பற்றி அவர் நான்கு நாளாகப் பேசவில்லை. ஞாபகப்படுத்த வேண்டாமென்று விட்டுவிட்டேன்.


அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. வீட்டுக்காரர் பட்டறையில் எல்லா மோட்டாருக்கும் பொட்டு. பொரி சாப்பிட்டேன். ரிஸ்வானாவுக்கும் ஒரு பொட்டலம் எடுத்து வைத்திருக்கிறேன். பொரி மிச்சமாகிவிடும் என்பதற்காக.


அக்டோபர் 12, சனி

டாக்டர் கேமராவோடு வந்தார். ஆறு நாற்பதுக்கு ஒன்பது பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு எதிர்க் கல்லைப் பார்த்தோம். ஒரு காகம் வந்து உட்கார்ந்தது.

"நம்ம கூட்டத்தப் பாத்து பயந்திருக்கும்" என்று டாக்டரே சமாதானம் சொன்னார். இந்தப் பெண் என்னை இப்படி நம்புவது எனக்குப் பிடிக்கவில்லை. யாராவது கொஞ்சம் சந்தேகப்பட்டால் பொய் சொல்வது எவ்வளவு சுலபம்.


அக்டோபர் 14, திங்கள்

ஜூலைக்குப் பிறகு மூன்றாவது பதினான்கு. தலைவலி. போகவில்லை.


அக்டோபர் 16, புதன்

ஒன்றும் விசேஷமில்லை. முக்குளிப்பான் முழுகியது. நான் எண்ணினேன். பதினாறு. இருபது. முப்பது. எழவில்லை. அண்ணன் வரவில்லை, ரிஸ்வானா தூரத்தில் இருந்தாள். நாற்பது வரைக்கும் எண்ணினேன். அதற்கு மேல் எண் வரவில்லை. எனக்கு. எண் வரவில்லை.

எப்போது எழுந்து நின்றேன் என்று தெரியாது. செருப்போடு தண்ணீரில் நின்றிருக்கிறேன். ரிஸ்வானா ஓடி வந்து கையைப் பிடித்தாள்.

"டீச்சர், அங்க பாருங்க. அந்த நாணலுக்குப் பின்னாடி. அப்பவே எந்திரிச்சிருச்சு. நீங்க இந்தப் பக்கமே பாத்துட்டு இருந்தீங்க."

இருந்தது. ஒன்றும் நடக்காததுபோல இறகைக் கோதிக்கொண்டிருந்தது.

"சனியன்" என்றேன்.

ரிஸ்வானா என் கையை விடவில்லை. அவளுடைய இடது கை அது. வலிக்கிறதா என்று கேட்டேன். "இப்ப இல்லைங்க டீச்சர்" என்றாள். அது சுளுக்கின கை என்பதால் கேட்டேன். வேறொன்றுமில்லை.


அக்டோபர் 19, சனி

நிலைமை கை மீறிவிட்டது.

டாக்டர் ஒரு கட்டு நோட்டீஸ் கொண்டு வந்தார். 'குளக்கரையில் குணமாகலாம்' என்று தலைப்பு. நடுவில் கட்டம் போட்டு என் பறவை. பச்சை வால், வெள்ளைக் கொண்டை, ஆறு நாற்பது, எல்லாம். கீழே 'ஓர் ஆசிரியையின் அனுபவம்'. இருபத்தெட்டாம் தேதி திங்கட்கிழமை மாவட்டத்தின் பள்ளி ஆலோசகர்கள் கூட்டத்தில் இதை எல்லோருக்கும் கொடுத்துப் பேசப்போகிறாராம். இது அவருடைய முதல் குழுவாம். "இந்தப் பறவ மட்டும் இல்லன்னா எனக்கே நம்பிக்க போயிருக்கும் மேடம்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

குழந்தைவேலு அண்ணன் நோட்டீஸை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "குஞ்சப் பத்தி போடலைங்களே. நல்லவேளைங்க."


அக்டோபர் 22, செவ்வாய்

மழை. குளம் நிரம்பி என் கல்லைத் தொட்டுவிட்டது. ஒரு குடையில் நானும் ரிஸ்வானாவும்.

"சொல்லிருங்க டீச்சர்."

"சொன்னா கையெழுத்துப் போட மாட்டாங்க. மெமோ வரும்."

"வரட்டுமே."

"உனக்கென்ன கண்ணு, சுளுவா சொல்லிருவ." கண்ணு என்று வந்துவிட்டது. அதுவரைக்கும் நீங்க, வாங்க என்றுதான் பேசிக்கொண்டிருந்தேன்.

 "எனக்கும் ஸ்டாஃப் ரூம்ல உக்கார முடியலீங்க டீச்சர். அதான் இங்க வந்தேன். எல்லாரும் என்னையப் பாத்தா ஜெசிந்தா டீச்சரத்தான் தேடறாங்க. நான் என்ன பண்ணுட்டும்?"

 குடையை அவள் பக்கம் கொஞ்சம் சாய்த்தேன். என் இடது தோள் நனைந்தது. நன்றாகத்தான் இருந்தது.


அக்டோபர் 26, சனி

கடைசி வகுப்பு.

டாக்டர் ஆரம்பிக்கும் முன்பே எழுந்து நின்றேன். கரும்பலகைக்கு முன்னால் நிற்கிற மாதிரி நின்றுகொண்டேன். அப்படி நின்றால் எனக்கு எதையும் சொல்ல வரும்.

"டாக்டர், அந்தப் பறவை இல்ல. நான் இட்டுக்கட்டி எழுதினேன். குளம் புன்னகைச்சதும் பொய். அன்னைக்கு நான் குளத்துக்கே வரல, வீட்ல விடைத்தாள் திருத்திட்டு இருந்தேன்."

குழந்தைவேலு அண்ணனும் எழுந்தார். "என்னோட மேகமும் டீச்சர் எழுதுனதுங்க."

டாக்டர் முதலில் சிரித்தார், நாங்கள் விளையாடுகிறோம் என்று. பிறகு ரிஸ்வானாவைப் பார்த்தார். ரிஸ்வானா தரையைப் பார்த்தாள். அப்புறம் நடந்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். பஞ்சு உதிர்வது போலப் பேசும் அந்தப் பெண் தொண்டை கிழியக் கத்தினார்.

"நான் என்ன இளிச்சவாயா? ஏங்க, நான் என்ன இளிச்சவாயா? அந்தப் பறவைய நெனச்சு நான் அழுதிருக்கேங்க! எங்கம்மாவுக்கு போன் போட்டுச் சொல்லியிருக்கேன்! ஐந்நூறு நோட்டீஸ் அடிச்சு வச்சிருக்கேன்! பச்ச வாலாமா, பச்ச வாலு!"

குளத்திலிருந்த அத்தனை பறவையும் ஒரே நேரத்தில் எழும்பிப் பறந்தன. நாமக்கோழி, கொக்கு, நீர்க்காகம், எல்லாம். நோட்டீஸ் கட்டு காற்றில் பிரிந்து கரையெல்லாம் ஓடியது. யாரும் மூச்சு விடவில்லை. அந்த அமைதியில் குழந்தைவேலு அண்ணன், நிஜமான அக்கறையோடு, மெதுவாகச் சொன்னார்:

"டாக்டருங்க… மூச்சக் கவனிங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன். முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். சிரித்துக்கொண்டே இருந்தேன். எந்த இடத்தில் அது மாறியது என்று தெரியாது. ரிஸ்வானா என் முதுகைத் தடவ ஆரம்பித்தபோதுதான் நான் அழுதுகொண்டிருக்கிறேன் என்று எனக்கே தெரிந்தது. சத்தமாக. மூக்கு ஒழுக. அத்தனை பேர் முன்னால்.

"நான் பதினோரு நாள் அவகூடப் பேசல" என்றேன்.

யாரிடமும் சொல்லாதது. இங்கேயும் எழுதாதது. எழுதிவிடுகிறேன்.

ஜூலை மூன்றாம் தேதி ஒரு விடைத்தாளில் கூட்டல் தப்பாகப் போட்டுவிட்டேன். எழுபத்தெட்டை அறுபத்தெட்டு என்று போட்டிருந்தேன். ஜெசி அதைப் பார்த்துவிட்டு ஆசிரியர் அறையில் எல்லோரும் கேட்க, "கணக்கு டீச்சருக்கு டியூஷன் வைங்கப்பா" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். இருபத்திரண்டு வருடத்தில் நான் அவளை எவ்வளவோ சொல்லியிருக்கிறேன். ஆனால் அன்றைக்கு எனக்குச் சுருக்கென்றது. என் நாற்காலியை ஒரு முழம் தள்ளிப் போட்டுக்கொண்டேன். அவள் வலது பக்கம், நான் இடது பக்கம், பதினொரு நாள், ஒரு வார்த்தை இல்லை. பன்னிரண்டாம் நாள் பேசியிருப்பேன். திங்கட்கிழமை பேசலாம் என்றுதான் இருந்தேன்.

இதையெல்லாம் அழுகையோடு குளறிச் சொன்னேன். டாக்டர் என் எதிரில் மண்ணிலேயே உட்கார்ந்து கேட்டார். அவர் முகம் இன்னும் கோபத்தில் சிவப்பாகத்தான் இருந்தது.  தன் துப்பட்டாவை நீட்டினார், மூக்கைத் துடைக்க.

கடைசியில் சொன்னார்: "கையெழுத்துப் போட மாட்டேன். ரெண்டு வாரம் மறுபடியும் வரணும். நெஜமா வரணும். ஐயாவும்தான்."

"அரியர்ஸுங்களா?" என்றார் அண்ணன்.

"ஆமா, அரியர்ஸ்."

பிறகு எல்லோருமாகக் கரையில் ஓடி ஓடி நோட்டீஸ் பொறுக்கினோம்.


அக்டோபர் 27, ஞாயிறு

ஒன்பது மணி நேரம் தூங்கினேன். வீட்டுக்காரர் பயந்துபோய் இரண்டு முறை மூக்கில் விரல் வைத்துப் பார்த்தாராம்.


அக்டோபர் 29, செவ்வாய்

நேற்றுக் கூட்டத்தில் டாக்டர் நோட்டீஸைக் கொடுக்கவில்லை. எழுந்து நின்று, "என் முதல் குழு என்னை ஏமாற்றியது" என்று ஆரம்பித்தாராம். மொத்த மண்டபமும் விழுந்து விழுந்து சிரித்ததாம். அரை மணி நேரம் என்று கொடுத்திருந்தார்களாம், ஒன்றரை மணி நேரம் கேட்டார்களாம். காலையில் குளத்தில் சொன்னார். இன்னும் கோபம்தான். ஆனால் சொல்லும்போது உதட்டோரம் துடித்தது.

சிஸ்டரிடம் நானே போய் இன்னும் இரண்டு வாரம் ஆகும் என்றேன். "பாஸாகலியா டீச்சர்?" என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் ஃபைலுக்குள் முகத்தை மறைத்துக்கொண்டார்.


நவம்பர் 2, சனி

கல்லறைத் திருநாள். கல்லறைத் தோட்டத்துக்குள் ஜூலைக்குப் பிறகு நான் போனதில்லை. மாலையில் கூட்டம் இருக்கும் என்பதால் பத்து மணிக்கே போனேன். ரிஸ்வானா வாசல் வரை வந்தாள். உள்ளே நான் மட்டும்.

ஜெசியின் கணவர் செபஸ்தியான் அண்ணன் அங்கே குந்தி உட்கார்ந்து புல் செதுக்கிக்கொண்டிருந்தார். இவரைப் பார்க்கக்கூடாது என்றுதான் நான்கு மாதமாக அவர்கள் தெரு வழியாகப் போகாமல் சுற்றிக்கொண்டு போகிறேன். திரும்பிவிடலாம் என்று பார்த்தேன். அதற்குள் பார்த்துவிட்டார்.

"வாங்க டீச்சர். எப்ப வருவீங்கன்னு இருந்தேன்."

பக்கத்தில் உட்கார்ந்தேன். நானும் புல் பிடுங்கினேன்.  பிறகு சொல்லிவிட்டேன். கூட்டல், நாற்காலி, பதினொரு நாள், எல்லாம். "என்னை மன்னிச்சுக்கோங்கண்ணா" என்றேன்.

அவர் புல் செதுக்கிய களைக்கொட்டைக் கீழே வைத்தார்.

"எனக்குத் தெரியுமே டீச்சர். பதினோரு நாளும் வீட்ல இதே பேச்சுதான்."

"அழுதாளா?"

"யாரு, அவளா? ரொம்ப ஜாலியா இருந்தா. ‘போன தடவ நான்தான் மொதல்ல பேசுனேன், இந்தத் தடவ அவதான் பேசோணும், நான் எறங்கி வர மாட்டேன்’னு ஒரே பிடிவாதம். சனிக்கிழம சாயங்காலம் என்ன சொன்னா தெரியுங்களா? திங்கக்கிழம முட்ட போண்டா வாங்கிட்டுப் போயி உங்க மூக்குக்கு நேரா தனியா உக்காந்து திம்பாளாம். எத்தன நேரம் தாங்கறீங்கன்னு பாக்கறாளாம். பத்து நிமிசங்கூடத் தாங்க மாட்டீங்கன்னு எங்கிட்ட பந்தயம் வேற."

நான் அவரைப் பார்த்தேன். அவர் முகத்தில் பொய் இல்லை. இவ்வளவு அநியாயமான ஒன்றை ஆறுதலுக்காக யாரும் இட்டுக்கட்ட மாட்டார்கள்.

எனக்குள் முதலில் வந்தது கோபம். பதினொரு நாள் நான் இங்கே வெந்துகொண்டிருக்கிறேன், அந்தம்மா அங்கே போண்டாவுக்குத் திட்டம் போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்! அப்புறம் சிரிப்பு வந்தது. மெழுகுவத்தி கட்டோடு போன ஒரு பாட்டி நின்று முறைத்துவிட்டுப் போனார். செபஸ்தியான் அண்ணனும் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

அவர் தண்ணீர் எடுத்து வரப் போனார். நான் இருந்தேன். வேப்பமரத்தில் ஒரு கரிச்சான், வால் இரண்டாகப் பிளந்தது. இப்போது எனக்குப் பெயர் தெரிகிறது. ஈர மண் வாசனை. பக்கத்துக் கல்லறையில் யாரோ ஊதுவத்தி வைத்திருந்தார்கள். எறும்பு உண்டு. எண்ணவில்லை.

கல்லில் அவள் பெயருக்கு நேராகக் கையை வைத்தேன். வெயிலில் சூடாக இருந்தது.

"பத்து நிமிசம் இல்ல ஜெசி, அஞ்சு நிமிசங்கூடத் தாங்கியிருக்க மாட்டேன்" என்றேன்.

ஆக, இந்தத் தடவையும் முடிந்தது. நான்தான் முதலில் பேசினேன்.